பழைய வண்டியும் மின்சாரத்தின் பாதையும்

ஜூன் மாதத்தில் சித்தூரைச் சுற்றியுள்ள சாலைகளில் பயணம் செய்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். மாம்பழக் கூழ் செய்யும் தொழிற்சாலைகளின் வாயிலில் டிராக்டர்களும் லாரிகளும் சிறிய பிக்கப் வண்டிகளும் நெடுந்தூரம் வரிசையாக நிற்கும். அவற்றில் நிறைந்திருப்பது தோதாபுரி என்று வழங்கும் கிளிமூக்கு மாம்பழம். விளைச்சல் மிகுந்த ஆண்டுகளில் ஒரு வண்டி தன் முறை வரும் வரையில் ஒரு நாளுக்கு மேலும் காத்திருக்க நேர்வதுண்டு. பழமோ காத்திராது, வெயில் ஏற ஏற அது கனிந்து, எடை குறைந்து, விலையும் குறையும்.

அத்தகைய வரிசை ஒன்றில், முன்னே நின்ற வண்டிகள் நகரத் தொடங்கிய வேளையில், நம் உறவினரான ஓர் இளைஞர் தம் பழைய பிக்கப் வண்டியின் சாவியைத் திருப்பினார். 'டிக்' என்று ஓர் ஓசை எழுந்தது. அதற்குமேல் ஒன்றும் நிகழவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரனை ஒலிக்கத் தொடங்கினார்கள்.

சித்தூர் மாவட்டம் 1953 வரையில் சென்னை மாநிலத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி முதலிய பகுதிகள் தமிழ்நாட்டுக்கு வந்தன. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு மாறியபோதும், இந்த வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல, சிறு வாணிபமும் சரக்குப் போக்குவரத்தும் செய்து வாழ்கின்றன. அவர்களில் பலருக்கு வண்டியே வயலும் கடையும் ஆகும். பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலரின் நிலையும் இதுவே. ஆகவே பழைய வண்டியின் மின்சாரக் கோளாறுகளை எவ்வாறு ஆராய்ந்து அறிவது என்பதைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

வரிசையில் நின்ற அந்த வண்டிக்கு என்ன செய்தார்கள்? இரவு முழுதும் சிறு விளக்குகள் எரிந்தன. பாட்டுப் பெட்டியும் பாடிற்று. ஆகவே பாட்டரி தீர்ந்துவிட்டது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். பக்கத்து வண்டியின் பாட்டரியிலிருந்து இரண்டு தடித்த கேபிள்களைக் கொண்டுவந்து பொருத்தியதும் எஞ்சின் உடனே ஓடிற்று. பாட்டரிதான் குற்றவாளி என்பது அதனால் உறுதியாயிற்று. சுமையை இறக்கியதும் இளைஞர் புதிய பாட்டரி ஒன்றை வாங்கிப் பொருத்தினார். நான்காம் நாள் காலையில் மீண்டும் அதே 'டிக்'. அடுத்து, சார்ஜ் ஏறவில்லை போலும் என்று எண்ணி ஆல்டர்னேட்டரையும் மாற்றினார். அதன் பின்னரும் அதே 'டிக்'. இரண்டு செலவுகளும் சேர்ந்து அந்தப் பருவத்தின் ஆதாயத்தில் பெரும்பகுதியை உண்டுவிட்டன.

கடைசியில் அவர் ஒரு முதிய மெக்கானிக்கிடம் சென்றார். அவர் தாய்மொழி தெலுங்கு. தமிழும் நன்றாகப் பேசுவார். வண்டியைத் தொடுவதற்கு முன்பே அவர் கேட்டார்: "தம்பி, முன்விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினால் விளக்கு மங்குகிறதா?"

"இல்லை அண்ணா, பளிச்சென்றே எரிகிறது."

"அப்படியானால் பாட்டரியில் குறையில்லை. மின்சாரம் போகிற வழியிலோ திரும்பி வருகிற வழியிலோதான் குறை."

இந்த மறுமொழியில் பழைய வண்டியின் மின்சார நூல் முழுதும் அடங்கியிருக்கிறது. மின்சாரம் ஒரு பொருளை நோக்கிச் சென்றால் மட்டும் போதாது. புறப்பட்ட இடத்துக்கே அது திரும்பி வரவேண்டும். வீட்டுக் கம்பிகளில் போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என இரண்டு கம்பிகள் இருப்பதைக் காண்கிறோம். மோட்டார் வண்டியில் பெரும்பாலான கருவிகளுக்குப் போகும் கம்பி மட்டுமே தனியாக உண்டு. திரும்பும் வழி வண்டியின் இரும்பு உடலேயாகும். பாட்டரியின் எதிர்முனை அந்த உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. இதனையே மெக்கானிக்குகள் 'எர்த்' என்கிறார்கள். கம்பி அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இரும்பும் செம்பும் சேருமிடத்தில் துருவும் களிம்பும் படிந்து வழி அடைபட்டால் அது கண்ணுக்குத் தெரியாது. புதிய வண்டியில் மறைந்திருக்கும் இந்த வழி, பத்துப் பதினைந்து மழைக்காலங்களைக் கண்ட வண்டியில்தான் தன் குறையைக் காட்டும்.

நம் இளைஞரின் வண்டியில் நிகழ்ந்தது இதுவே. எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பது. ரப்பரோ மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலால் எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்க, செம்பு இழைகளைப் பின்னிச் செய்த பட்டை ஒன்றை அமைத்திருப்பார்கள். அந்தப் பட்டையின் முனை எண்ணெயும் சேறும் படிந்து, களிம்பேறி, ஏறத்தாழ இற்றுப்போயிருந்தது. முன்விளக்குகள் உடலின் வழியே மின்சாரத்தைத் திருப்பியனுப்புவதால் பளிச்சென்று எரிந்தன. ஸ்டார்ட்டர் மோட்டாரோ எஞ்சினின் மேல் பொருந்தியிருப்பது. அதன் மின்சாரம் இந்தப் பட்டையின் வழியேதான் திரும்பவேண்டும். வழி அடைபடவே, மோட்டார் சுழலாமல் 'டிக்' என்று மட்டும் சொல்லிற்று.

பக்கத்து வண்டியின் கேபிளைப் பொருத்தியதும் ஓடியது ஏன் என்று நேயர்கள் கேட்கலாம். எதிர்முனைக் கேபிளை அன்று எஞ்சினின் இரும்பிலேயே கவ்வச் செய்தார்கள். அதனால் கெட்டுப்போன பட்டைக்கு மாற்றாக ஒரு நல்ல வழி தற்காலிகமாகக் கிடைத்தது. உதவிய கேபிளே உண்மையை மறைத்தது! இன்னுமோர் அறிகுறியும் இருந்தது. பட்டை கெட்ட வண்டியில் ஸ்டார்ட்டரின் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் போன்ற மெல்லிய உலோக இணைப்புகளின் வழியே திரும்ப முயலும். அவை சூடேறும், சில சமயம் புகையும். கேபிள் சுடுகிறது என்று இளைஞர் முன்பே கவனித்திருந்தார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று அவருக்குத் தோன்றவில்லை.

மெக்கானிக் வோல்ட் மீட்டரை எடுத்தார். ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றை எஞ்சினின் தூய இரும்பிலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். வழி நன்றாக இருந்தால் மீட்டர் 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. இங்கே 5 வோல்ட்டுக்கு மேல் காட்டிற்று. அதாவது பாட்டரி அளித்த 12 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி அந்தப் பட்டையிலேயே வீணாயிற்று. புதிய பட்டை ஒன்றைப் போட்டு, அது சேருமிடத்தை உப்புத்தாளால் தேய்த்து, மறையை இறுக்கினார். வண்டி முதல் திருப்பிலேயே ஓடிற்று. பாட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் பட்டையின் விலை மிகச் சிறிது.

மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்கவேண்டும் என்பது இங்கே நாம் கற்கவேண்டிய முறை. மின்சாரம் ஓடாதபோது, ஒரே ஓர் இழையில் தொங்கும் கம்பியும் முழுக் கம்பியைப் போலவே 12 வோல்ட்டைக் காட்டும். ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி இதனை விளக்குகிறது. மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் வருவதே வழியில் இழக்கப்படும் வோல்ட். டீசல் எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கும்போது, ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்குத் தடையே 2 வோல்ட்டை விழுங்கிவிடும். சிறு விளக்கு ஒன்றுக்கு அந்தத் தடை ஒரு பொருட்டேயன்று.

இனி, ஆராயும் ஒழுங்கைக் காண்போம். வேண்டிய கருவிகள் இரண்டே: எளிய மல்டிமீட்டர் ஒன்று, இரு கம்பிகள் பொருத்திய 12 வோல்ட் சோதனை விளக்கு ஒன்று. வேலை தொடங்குமுன் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிவிடவேண்டும். பாட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே அவை பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து சதையைச் சுடும். பாட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஆதலால் அருகே பீடி கூடாது. கேபிளைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றி, பூட்டும்போது அதனைக் கடைசியில் பூட்டவேண்டும். பெரிய லாரிகளில் 24 வோல்ட் இருக்கும். இங்கே நாம் கூறும் எண்கள் 12 வோல்ட் பிக்கப் வண்டிகளுக்கே பொருந்தும்.

முதலில் பாட்டரி. திருப்பதியை அடுத்த கரகம்பாடி, பாட்டரி உற்பத்திக்குப் பெயர்பெற்ற ஊர். 1985-இல் தொடங்கப்பெற்ற அமரராஜா நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. எங்கே செய்த பாட்டரியாயினும் அதனை அறியும் முறை ஒன்றே. வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருந்த பின் 12.6 வோல்ட் காட்டினால் பாட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழே போனால் தீரும் நிலை. ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கலாகாது. இறங்கினால் பாட்டரி நலிந்தது, அல்லது சார்ஜ் குறைந்தது என்று கொள்ளலாம். முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பதை ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, காய்ந்தபின் இறுக்கி, மேலே வாசலின் தடவுவது நல்லது. சோடா நீர் பாட்டரிக்குள்ளே போகக்கூடாது.

அடுத்து சார்ஜ். எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கவேண்டும். 12.5-இலேயே நின்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, கம்பி நழுவியிருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கவேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பாட்டரி கொதித்து வற்றிவிடும். இங்கே ஓர் எச்சரிக்கை. டைனமோ இருந்த காலத்தில், ஓடும் வண்டியில் பாட்டரி கேபிளைக் கழற்றி, எஞ்சின் நிற்கிறதா என்று பார்ப்பது சிலர் வழக்கம். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அவ்வாறு செய்தால் வோல்ட் திடீரென்று எழும்பி, அதனுள் இருக்கும் டையோடுகள் அழியக்கூடும். மேலும் பழைய டீசல் எஞ்சின் ஓடுவதற்கு மின்சாரப் பொறி தேவையில்லை. ஆதலால் அந்தச் சோதனையால் அறியத்தக்கதும் ஒன்றுமில்லை.

இனி விளக்குகளைப் பற்றி. சித்தூரிலிருந்து பலமனேருக்குச் செல்பவர்கள் பங்காருபாளையத்தைக் கடந்து மொகிலி மலைப்பாதையில் ஏறவேண்டும். திருப்பதியிலிருந்து திருமலைக்கு 1944-இல் திறந்த பாதையும் 1974-இல் திறந்த பாதையும் இருக்கின்றன. பழைய பாதை இறங்குவதற்கும் புதிய பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. இத்தகைய வளைவுகளில் இரவில் செல்லும் வண்டிக்கு முன்விளக்கு கண். பின்விளக்கோ பின்னால் வருபவனுக்குக் கண்.

60 வாட் முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும். வழியில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குத் தடை இருந்தால் 1 வோல்ட் குறையும். பன்னிரண்டில் ஒன்றுதானே என்று எண்ணக்கூடாது. விளக்கின் ஒளி வோல்ட்டைக் காட்டிலும் மிக விரைவாகக் குறையும் இயல்புடையது. அந்த ஒரு வோல்ட்டால் ஏறத்தாழக் கால் பங்கு ஒளி போய்விடும். இதனை அறியாதவர்கள் 100 வாட் பல்புகளை வாங்கிப் போடுகிறார்கள். அதனால் மின்னோட்டம் மிகும். பல்பு மாட்டும் சாக்கெட் உருகும். பழைய சுவிட்ச் கருகும். செய்யத்தக்கது வேறு. எர்த் சேரும் இடங்களைத் துப்புரவாக்கவேண்டும். மின்சாரம் முழுவதும் சுவிட்சின் வழியே செல்லும் பழைய அமைப்பாயின், பாட்டரியிலிருந்து ப்யூஸ் வைத்த தடித்த கம்பியை இழுத்து, ரிலே ஒன்றின் மூலம் விளக்குகளுக்குத் தரவேண்டும். பழைய பல்புகளே புதியவை போல எரியும்.

பின்விளக்குகளில் விந்தையான கோளாறுகள் தோன்றும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். இண்டிகேட்டரைப் போட்டால் பின்விளக்கு அதனோடு சேர்ந்து துடிக்கும். பேய் பிடித்தது போன்ற இந்த ஆட்டத்துக்குக் காரணம் எர்த் இழப்பே. ஒரு பெட்டியிலுள்ள பல்புகள் எல்லாவற்றுக்கும் திரும்பும் வழி ஒன்றே. அது அறுந்தால், பிரேக் விளக்குக்கு வந்த மின்சாரம் அடுத்த பல்பின் இழைக்குள் புகுந்து, அதன் கம்பி வழியே வெளியேறப் பார்க்கும். அப்போது இரண்டும் மங்கும். மலையில் இறங்கும் வண்டி பிரேக் போட்டதை, பின்னால் வருகிறவன் காணமுடியாமற் போகும். இக்குறையைச் சோதிக்க, நல்ல கம்பி ஒன்றால் விளக்குப் பெட்டியின் எர்த் முனையைப் பாட்டரியின் எதிர்முனையோடு இணைத்துப் பாருங்கள். ஆட்டம் நின்றால் குறை எங்கே என்பது விளங்கிவிடும்.

ப்யூஸ் எரிவது ஒரு கோளாறன்று. கோளாறு ஒன்று இருப்பதாக அது தரும் செய்தி. 10 ஆம்பியருக்குச் சிவப்பு, 15-க்கு நீலம், 20-க்கு மஞ்சள், 30-க்குப் பச்சை என்று தகட்டு ப்யூஸ்களுக்கு நிறம் வகுத்திருக்கிறார்கள். எரிந்த நீலத்துக்குப் பதில் பச்சையைச் செருகுவதும், ஈயத்தாளைச் சுற்றி வைப்பதும், செம்புக் கம்பியை முறுக்கி வைப்பதும், செய்தி கொண்டுவந்தவனின் வாயை அடைப்பது போன்றவை. அதன்பின் ப்யூஸ் எரியாது, கம்பி எரியும். கம்பிக்கட்டு எரிந்தால் இருக்கையும் சரக்கும் எரியும்.

ப்யூஸ் மீண்டும் மீண்டும் எரிந்தால் அது இருந்த இடத்தில் 21 வாட் சோதனை விளக்கைப் பொருத்தவேண்டும். கம்பி எங்கோ இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் விளக்கு முழு ஒளியுடன் எரியும். பின்னர், அந்த ப்யூஸிலிருந்து செல்லும் கிளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டும். எந்தக் கிளையைக் கழற்றியதும் விளக்கு அணைகிறதோ அந்தக் கிளையிலேதான் குறை. கம்பிகள் தகட்டுத் துளையின் வழியே செல்லும் இடமும், கதவருகே வளையும் இடமும், சரக்குத் தொட்டியின் அடியும் முதலில் பார்க்கத்தக்கவை. எலி கடித்த தடங்களும் அங்கே கிடைக்கலாம்.

ஓய்ந்து நிற்கும் வண்டியில் பாட்டரி தானே தீர்ந்தால் வேறொரு கணக்குப் போடவேண்டும். மாம்பழ வரிசையில் நின்ற வண்டியையே எடுத்துக்கொள்வோம். 5 வாட் சிறு விளக்குகள் நான்கு எரிந்தால் ஏறத்தாழ 1.7 ஆம்பியர் செலவாகும். இருபது மணி நேரத்தில் அது 34 ஆம்பியர் மணி; 70 ஆம்பியர் மணிப் பாட்டரியில் இது ஏறத்தாழப் பாதி. எல்லாவற்றையும் அணைத்த பின்னும் பாட்டரி தீர்ந்தால், எதிர்முனைக் கேபிளைக் கழற்றி, அந்த இடைவெளியில் ஆம்பியர் மீட்டரை வைக்கவேண்டும். அவ்வாறு மீட்டர் இருக்கும்போது ஸ்டார்ட்டரைத் திருப்பக்கூடாது. ஓய்ந்த வண்டியில் ஒழுகும் மின்சாரம் ஓர் ஆம்பியரில் இருபதில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இருப்பது நலம். மிகுதியானால் ப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒழுகும் கிளை தெரிந்துவிடும்.

2021 நவம்பரில் திருப்பதியில் பெருமழை பெய்து தெருக்களில் வெள்ளம் ஓடியதை நேயர்கள் நினைவுகூர்வார்கள். வெள்ளத்தில் நின்ற வண்டிகள் அன்றே கெடாமல், மாதங்கள் கழித்துக் கெடுவதுண்டு. கம்பிகளின் உறைக்குள் புகுந்த நீர், செம்பைச் சிறிது சிறிதாக அரிப்பதே காரணம். ஆகவே மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாளை ஒதுக்கி இணைப்புகளைத் திறந்து, உலர்த்தி, பச்சை பூத்தவற்றைத் துடைத்து வைப்பது, ஆண்டுதோறும் கூரையைச் சீர்செய்வது போன்ற கடமையாகும்.

எல்லா வேலையையும் நாமே செய்யவேண்டும் என்பதில்லை. ஆயினும் மெக்கானிக்கிடம் செல்லும்போது, 'கரண்ட் கோளாறு, பாருங்கள்' என்று மட்டும் சொல்லாமல், எப்போது நிகழ்கிறது, எந்த விளக்கு மங்குகிறது, எது சுடுகிறது என்பனவற்றைச் சொல்லவேண்டும். பிறமொழி வழங்கும் ஊரில் இருக்கிறோமே என்ற தயக்கம் வேண்டாம். பாட்டரி, செல்ப், எர்த், ப்யூஸ் என்னும் சொற்கள் எந்தப் பட்டறையிலும் விளங்கும். நாம் துரு என்பதைத் தெலுங்கில் துப்பு என்பார்கள். செம்பில் ஏறும் களிம்பைச் சிலுமு என்பார்கள். இந்த இரண்டு சொற்களை அறிந்தவர் சித்தூரில் பாதி மெக்கானிக் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அந்த இளைஞரின் வண்டி இன்றும் சரக்கு ஏற்றிச் செல்கிறது. அதில் இரண்டு பொருள்கள் புதிதாக இடம்பெற்றிருக்கின்றன. ஒன்று, இருக்கைக்கு அடியில் துணியில் சுற்றி வைத்த சிறிய மீட்டர். மற்றொன்று, ப்யூஸ் பெட்டியின் மூடியில் அவர் தம் கையால் தமிழில் எழுதி ஒட்டிய வரி: 'முதலில் அள; பிறகு வாங்கு.' வண்டி வைத்திருக்கும் நம்மவர் ஒவ்வொருவரும் இதனைத் தம் வண்டியில் எழுதிக்கொள்ளலாம்.